மாலை அறுந்தால் மனம் கலங்க வேண்டாம்

பிராகாரத்தை வலம் வரும் வேளையில் கழுத்திலிருந்த உருத்திராட்ச மாலை அறுந்து, மணிகள் கல்தளத்தில் உருண்டோடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அருகில் வருவோர் குனிந்து பொறுக்கிக் கொடுப்பார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு மூன்று குறையும். ஆனால் மணி குறைந்ததைவிட மனம் கலங்கியதே பெரிதாக இருக்கும். "என்ன நடக்கப் போகிறதோ" என்ற அச்சம் உள்ளே நுழைந்துவிடும். வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும் நாளில் அறுந்துவிட்டாலோ, அந்த அச்சத்துக்கு அளவே இல்லை. விரத காலத்தில் அறுந்தால், விரதமே பங்கப்பட்டதோ என்று தவிப்போரும் உண்டு.

அன்பர்களே, இந்த வாரம் இந்தப் பகுதியில் அந்த அச்சத்துக்கு மருந்து சொல்ல முயல்கிறேன். மாலை அறுவதற்குக் காரணம் மணியிலும் இல்லை, அணிந்தவரின் பக்தியிலும் இல்லை. கோத்த முறையில் இருக்கிறது. அந்த முறையை அறிந்துகொண்டால் அறுந்த மாலையை நாமே சீர்செய்யலாம். பட்டறையில் கொடுத்துச் செய்வதானாலும், கேட்டுச் செய்யலாம்.

மதுரையில் வாழ்ந்த மூர்த்தி நாயனாரின் வரலாற்றைப் பெரிய புராணம் கூறுகிறது. அரசுரிமை அவரைத் தேடி வந்தபோது, திருநீறே தமக்கு அபிடேகமாகவும், உருத்திராட்சமே அணிகலனாகவும், சடையே மணிமுடியாகவும் அமையட்டும் என்று அவர் ஏற்றுக்கொண்டார். பொன்னும் மணியும் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்தின் விதையை அவர் வைத்தார். அத்தகைய அணிகலனைக் கோக்கும் கம்பியைப் பற்றிச் சற்று அக்கறையோடு பேசுவது தகும்.

மாலை ஏன் அறுகிறது?

நூலில் கோத்த மாலைக்கு வியர்வையும் எண்ணெயும் நீராடும்போது படும் ஈரமும் பகை. மணியின் துளைக்குள் இருக்கும் நூல் கண்ணுக்குத் தெரியாமலே இற்றுப் போகிறது. ஸ்படிக மாலையில் இன்னொரு காரணமும் சேரும். ஸ்படிகம் மிகக் கடினமான கல். வெள்ளியையும் செம்பையும்விடக் கடினமானது. அதன் துளையின் விளிம்பு மழுங்காமல் கூராக இருந்தால், நாள்தோறும் சிறிது சிறிதாக நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கம்பியில் கட்டிய மாலை அறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வளையத்தின் வாய் திறந்துகொள்வது. கம்பியை மணிக்குள் செலுத்தி, இரு முனைகளையும் வெறுமனே வளைத்துக் கொக்கிபோல் விட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். சட்டைப் பொத்தானிலோ அங்கவஸ்திரத்தின் சரிகையிலோ ஒருமுறை மாட்டி இழுபட்டால் வாய் விரிந்துவிடும். இரண்டாவது, கம்பி களைத்துப் போவது. உலோகத்தை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் அது முதலில் விறைக்கும், பிறகு முறியும்.

இவ்விரண்டுக்கும் பழைய பட்டறைகளில் கண்ட தீர்வு ஒன்றுதான். வளையத்தை வளைத்ததோடு நிறுத்தாமல், மிஞ்சிய முனையை அதன் கழுத்திலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட வேண்டும். சுற்றப்பட்ட வளையத்துக்குத் திறந்துகொள்ள வாயே கிடையாது. இதற்கு நெருப்பும் வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம்.

நெருப்பு ஏன் கூடாது?

பொன்வேலையில் இரு துண்டுகளை இணைக்கப் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். மறைபொருள் வைத்துப் பேசுவோரைப் 'பொடி வைத்து ஊதுகிறார்' என்று நாம் சொல்வதுகூட அந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு என்பர். பொன்னுக்கும் வெள்ளிக்கும் அந்தச் சூடு பொருந்தும், மணிக்குப் பொருந்தாது. உருத்திராட்சமும் துளசி மணியும் தாமரை மணியும் தாவரப் பொருள்கள். தீ பட்டால் கருகும். முத்தும் பவளமும் கடலுயிர்கள் தந்தவை. அவற்றின் நிறமும் மெருகும் கெடும். ஸ்படிகம் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். ஆகவே மணியைக் கோத்த பிறகு அதன் அருகில் நெருப்பைக் கொண்டு வருவது தகாது. பற்றவைக்க வேண்டிய பூணோ பதக்கமோ இருந்தால், அதைத் தனியே முடித்துக் குளிரவைத்து, பிறகே மணியைச் சேர்க்க வேண்டும்.

கம்பியும் கருவியும்

கலப்பில்லாத வெள்ளி மிக மென்மையானது. எளிதில் வளையும், எளிதில் நெகிழும். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் சேர்ந்த வெள்ளிக் கம்பி மாலைக்கு ஏற்றது. தங்கமானால் 916 என்று முத்திரையிடப்படும் 22 காரட் கம்பி போதும். செம்புக் கம்பி மலிவு. ஆயினும் வியர்வை பட்டால் பச்சைக் களிம்பு பூத்துக் கழுத்திலும் சட்டையிலும் கறை படியும்.

கம்பியின் பருமனை கேஜ் எண்ணால் சொல்வது வழக்கம். எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். கேஜ் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதால் மில்லிமீட்டரில் கேட்பதே குழப்பமற்றது. 8 மில்லிமீட்டர் அளவுள்ள ஐந்துமுக மணிக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி போதும். நாள்தோறும் அணியும் பெரிய மணிகளுக்கு, துளை இடம் கொடுத்தால் 0.8 மில்லிமீட்டர் உறுதியானது.

கருவிகள் மூன்று. மூக்கு உருண்டையாகக் கூம்பிய குறடு, மூக்கு தட்டையான குறடு, கம்பி வெட்டும் குறடு. கடையில் 'ரவுண்டு நோஸ் பிளையர்', 'பிளாட் நோஸ் பிளையர்', 'கட்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். தட்டைக் குறட்டின் வாயில் பல் இருக்கக் கூடாது. பல் இருந்தால் வெள்ளியில் தழும்பு விழும்.

நேரே வெள்ளியில் கை வைக்க வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் 23 கேஜ் செம்புக் கம்பி கேளுங்கள். அவர்கள் பயன்படுத்தும் அளவு முறையில் அது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அதில் இருபது வளையங்கள் செய்து பழகிய பின் வெள்ளியைத் தொடுங்கள்.

54 மணியா, 108 மணியா?

கம்பியில் கட்டத் தொடங்குமுன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. நாயகமணியையும் சேர்த்து 109 மணிகளை, ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் என்று கொண்டு, நூலில் நெருக்கிக் கோத்தால் மாலை 87 சென்டிமீட்டர் வரும். கம்பியில் கட்டும்போது இருபுறமும் வளையங்கள் சேர்வதால் ஒரு மணி 14 அல்லது 15 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். அப்போது 109 மணி மாலை ஒன்றரை மீட்டரைத் தாண்டி இடுப்புக்குக் கீழே தொங்கும். 54 மணியும் ஒரு நாயகமணியும் வைத்துக் கட்டினால் 80 சென்டிமீட்டர் அளவில் மார்பில் அழகாகப் படியும். 54-ஐ இருமுறை எண்ணினால் 108 ஆகிவிடும் அல்லவா?

ஜபத்துக்கு மணிகள் நெருங்கி நிற்பதே விரலுக்கு இசைவு. ஆகவே ஜபமாலையை முடிச்சிட்ட நூலிலும், அணியும் மாலையைக் கம்பியிலும் வைத்துக்கொள்வோர் பலர். உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ, அதன்படி செய்யுங்கள்.

ஒரு மணிக்கு 7 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். 55 மணிகளுக்கு 3 மீட்டர் 85 சென்டிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் பருமனில் அது ஏறத்தாழ 11 கிராம் வெள்ளி, 0.8 மில்லிமீட்டர் பருமனில் ஏறத்தாழ 20 கிராம். இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் கணக்குப் பேசும்போது இவை கைகொடுக்கும்.

கட்டும் முறை

மணிகளை முதலில் மென்மையான துலக்கியால் சுத்தம் செய்து, நிழலில் உலர்த்தி, ஒரு துளி நல்லெண்ணெய் தடவித் துடையுங்கள். துளையில் அடைத்திருக்கும் அழுக்கை ஊசியால் மெதுவாக எடுங்கள். துளையைப் பெரிதாக்க வலிந்து குடைய வேண்டாம். முகங்களின் கோட்டோடு மணி பிளந்துவிடும்.

ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துணியை விரித்து, சன்னல் வெளிச்சத்தில் அமருங்கள். மூக்குக்கண்ணாடி கட்டாயம் இருக்கட்டும். வெட்டிய துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கக்கூடும். ஆதலால் வெட்டும்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள்.

முதலில் 7 சென்டிமீட்டர் கம்பியை வெட்டி, துணியால் பற்றி இழுத்து நேராக்குங்கள். ஒரு முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளித் தட்டைக் குறட்டால் பிடித்து, நேர்கோணமாக மடக்குங்கள். மடக்கிய இடத்தை ஒட்டி உருண்டைக் குறட்டை வைத்து, முனையை அதன் மேல் வளைத்து முழு வளையமாக்குங்கள். அந்த வளையத்தைத் தட்டைக் குறட்டால் கிடையாகப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய முனையைக் கழுத்தில் இரண்டரைச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். மிகுதியை வெட்டிவிட்டு, கூர்முனையைக் குறட்டால் அழுத்திப் படியவையுங்கள்.

இப்போது மணியைச் செலுத்துங்கள். மணிக்கு மேலே 2 மில்லிமீட்டர் கழுத்து விட்டு, முன்போலவே மடக்கி வளையம் செய்யுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். இந்த வளையத்தைச் சுற்றி மூடுவதற்கு முன்பே, அடுத்து வரும் மணியின் முடிந்த வளையத்தை இதற்குள் மாட்டிவிட வேண்டும். மூடிய பிறகு மாட்ட வழியில்லை. மாட்டியபின் கழுத்தைச் சுற்றி, வெட்டி, அழுத்துங்கள். இவ்வாறே மணிக்கு மணி தொடர்ந்து செல்லுங்கள்.

வளையங்கள் எல்லாம் ஒரே அளவாக அமைய ஓர் எளிய வழி உண்டு. உருண்டைக் குறட்டின் மூக்கில், வளைக்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலேயே வளையுங்கள்.

இறுக்கமும் அளவோடு இருக்கட்டும். உருத்திராட்சம் ஈரத்தில் சற்றே உப்பும், வெயிலில் சுருங்கும். ஆகவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, மணி கம்பியின் மேல் தாராளமாகச் சுழலும்படி கட்டுங்கள். வளைத்தது பிழையாகிவிட்டால் நிமிர்த்தி மீண்டும் வளைக்க வேண்டாம். அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒதுக்கிய வெள்ளி வீணாகாது. சேர்த்து வைத்துப் பட்டறையில் எடைக்குக் கொடுக்கலாம்.

ஒரே ஓர் இடம் நெகிழட்டும்

இவ்வளவு உறுதியாகக் கட்டிய பிறகு ஓர் ஆபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மடியில் அமர்ந்த பேரக்குழந்தை மாலையைப் பற்றி இழுக்கும். பேருந்திலிருந்து இறங்கும்போது எதிலாவது மாட்டும். எங்குமே நெகிழாத மாலை அப்போது கழுத்தைத்தான் அறுக்கும். ஆகவே நாயகமணிக்கு அருகில் ஓரிடத்தில் மட்டும், சுற்றாத எளிய கொக்கியை வையுங்கள். மிகுந்த இழுப்பு வந்தால் அந்த ஒன்று திறந்து கொடுக்கும். மணி ஒன்றும் சிதறாது. கொக்கியை மீண்டும் மாட்டிக்கொண்டால் போதும். உறங்கும்போது மாலையைக் கழற்றிப் பூஜை மாடத்தில் வைத்துவிடுவதும் நலம்.

துளையில்லாத கல்லானால்

தீர்த்த யாத்திரையில் கிடைத்த சிறு கல்லோ, மூத்தோர் விட்டுச்சென்ற மணியோ துளையின்றி இருக்கலாம். அதைத் துளையிட மனம் வராது, வரவும் வேண்டாம். கம்பியால் அணைத்துக் கட்டும் முறை அதற்காகவே இருக்கிறது. 0.8 மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டை நடுவில் கூட்டல் குறிபோல் வைத்து, குறுக்கே மெல்லிய கம்பியால் இறுகக் கட்டுங்கள். கட்டிய இடத்தில் கல்லின் அடிப்பாகத்தை வைத்து, நான்கு கைகளையும் கல்லை ஒட்டி மேலே தூக்குங்கள். கல்லின் அகன்ற இடத்துக்குச் சற்று மேலே மெல்லிய கம்பியால் ஒரு சுற்று ஓட்டி, ஒவ்வொரு கையையும் அதில் ஒருமுறை பின்னுங்கள். உச்சியில் நான்கையும் சேர்த்து, மூன்றை நெருக்கி வெட்டிவிட்டு, நான்காவதால் வளையம் செய்து, மிஞ்சியதை அனைத்தின் கழுத்திலும் சுற்றி மூடுங்கள். கூண்டுக்குள் இருக்கும் விளக்குபோல் கல் பத்திரமாக நிற்கும். நாற்புறமும் தரிசிக்கவும் முடியும்.

பட்டறையில் கொடுப்பதானால்

கைநடுக்கம் உள்ளவர்களும் பார்வை மங்கியவர்களும் வருந்த வேண்டியதில்லை. தேர்ந்த கைவினைஞரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் மணிகளை எண்ணி, எடையும் போட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். கம்பியின் பருமனையும் 925 தரத்தையும் அதே சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். "வளையத்தைச் சும்மா வளைத்து விடுவீர்களா, கழுத்தில் சுற்றிக் கட்டுவீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே நீங்கள் விவரம் அறிந்தவர் என்று அவர் உணர்ந்துகொள்வார். சுற்றிக் கட்டக் கூலி சற்றுக் கூடுதலாக இருக்கும். அது நேர்மையான கூலிதான், கொடுக்கலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலை கைக்கு வந்ததும் பழைய பட்டுத்துணி ஒன்றின் மேல் அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓர் இழையாவது மாட்டினால், எங்கோ ஒரு முனை கூராக நிற்கிறது என்று பொருள். அங்கேயே காட்டி அழுத்தித் தரச் சொல்லுங்கள். நீங்களே கட்டிய மாலைக்கும் இதுவே பரீட்சை.

பராமரிப்பு

வெள்ளிக் கம்பி நாளடைவில் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதே அதற்குக் காரணம். அணிந்தவரின் குறை ஒன்றும் இல்லை. வெள்ளி துலக்கும் திரவத்தில் மாலையை அமிழ்த்த வேண்டாம், மணிகள் பாழாகும். நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் துலக்குவதுபோல, உலர்ந்த திருநீற்றைப் பருத்தித் துணியில் தொட்டுக் கம்பியை மட்டும் தேய்த்தால் பளிச்சிடும். முத்திலும் பவளத்திலும் திருநீறு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை மென்மையானவை, கீறல் விழும். சோப்பு நீரில் உருத்திராட்சம் வறண்டு வெடிக்கும் என்பதால், நீராடும்போது மாலையைக் கழற்றிவிடுவதே நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகை பிறக்குமுன், ஒவ்வொரு வளையத்தையும் விரலால் தடவிச் சோதியுங்கள். தேய்ந்து மெலிந்த கம்பியை அந்த ஒரு மணிக்கு மட்டும் மாற்றினால் போதும். மாலை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. கம்பிக் கட்டின் பெரிய வசதி இதுதான்.

உடைந்த மணிகளை ஓடும் நீரிலோ மரத்தடியிலோ சேர்ப்பது வழக்கம். குறைந்த மணிகளுக்குப் புதிய மணிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தந்தை அணிந்த 40 மணிகளோடு மகன் வாங்கிய 14 மணிகள் சேர்ந்தால் அந்த மாலைக்கு என்ன குறை? பழையன கறுத்து, புதியன சிவந்து, ஒரே கம்பியில் இரண்டு தலைமுறைகள் நிற்கும்.

ஒரே அமர்வில் முடிக்க எண்ண வேண்டாம். நாளொன்றுக்கு ஐந்து மணி போதும். ஒவ்வொரு மணியைக் கட்டும்போதும் ஐந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ மனத்தில் சொல்லுங்கள். பதினோரு நாளில் 55 மணி மாலை நிறைவுறும். அதைச் சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து அணிந்துகொள்ளும்போது, அறுந்த நாளில் வந்த அச்சம் இருந்த இடம் தெரியாது.

அடுத்த வாரம், மறை தேய்ந்து ஆடும் குத்துவிளக்கை வீட்டிலேயே நிலைநிறுத்தும் முறையைக் காண்போம்.